அப்பாவின் துறைமுக ஆங்கிலம்

அடுத்த அறையில் என் மகள் கணினி முன் இருந்து வேலைக்கான நேர்முகத்தில் பேசிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக் குரல் மூன்றாம் தடவையும் அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. அவளுடைய குரல் தேய்ந்தது.

எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் டீசல் மணம் நினைவுக்கு வந்தது. அப்பா அங்கே இயந்திரப் படகு ஓட்டினார். வெள்ளைக்காரக் கடற்படையினரிடம் காதால் பொறுக்கிய ஆங்கிலம் அவருடையது. அதில் பாதி வசவு. கான்வென்டில் பேச்சுப்போட்டியில் வென்ற எனக்கு அது வெட்கம்.

"பள்ளிக்கூடத்தில இங்கிலீசில கதைக்காதேங்கோ அப்பா."

பரிசளிப்பு முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் ஒரு சரக்குக் கப்பலைக் காட்டக் கூட்டிப்போனார். வெளிநாட்டு மாலுமி ஒருவர் ஆங்கிலத்தில் என் பெயரையும் வகுப்பையும் கேட்டார். பரிசு வாங்கிய அதே உச்சரிப்பில் சொன்னேன். அவர் புரியாமல் விழித்தார். அப்பா தன் ஆங்கிலத்தில் அதையே சொன்னதும், மனிதர் சிரித்துத் தலையாட்டினார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"நீ வடிவாத்தான் சொன்னனீ பிள்ளை. அந்தாளின்ர காதுக்குத்தான் பழக்கமில்லை" என்றார் அப்பா.

அப்பாவின் அந்த வார்த்தைகளை இப்போது ஒரு தாளில் எழுதி, மகளின் மேசையில் ஓசைப்படாமல் வைத்தேன். அவள் வாசித்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊர் உச்சரிப்பிலேயே, அவசரப்படாமல், நான்காம் தடவை தொடங்கினாள்.

மறுமுனை இம்முறை குறுக்கிடாமல் கேட்டது.