நாலாவது ஆள்

பண்டிகை லீவில் வீடு தேடிப் போய்க் குடும்பப் படம் எடுப்பது என் தொழில். அதில் கேமராவைத் தூக்குவது கால் பங்கு, ஆட்களை ஒன்றுசேர்ப்பது முக்கால் பங்கு. கையில் செல்போனோடு இதே பாடு பட்டிருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பொங்கலுக்குக் கோட்டையூரில் ஒரே வீட்டில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

எதிர்வீட்டுக் கதவு

என்னைக் கூப்பிட்டது செல்வி. மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை விமானம், அடுத்த லீவு எப்போது என்று அவளுக்கே தெரியாது. அப்பா, அம்மா, அவள், கணவன் என்று நாலு பேரும் இருக்கிற ஒரு படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றாள்.

மாப்பிள்ளை என்னை நேராக எதிரே இருந்த செட்டியார் வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. தேக்குக் கதவு மேலிருந்து கீழ்வரை படத்தில் முழுசாக விழ வேண்டும் என்பார்கள். கதவு விழும், முகம் கொண்டைக்கடலை அளவுக்கு விழும். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி வந்துவிட்டாள். "நம்ம வீட்டுக்குள்ளயே எடுங்கண்ணே. வாதம் வந்ததுலேருந்து எங்கப்பா வாசலுக்கே வாரதில்ல."

பழைய படம்

ஹாலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். வீட்டில் எடுக்கிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். டியூப்லைட் எல்லாரையும் காய்ச்சல்காரர் ஆக்கிவிடும். நாற்காலிகளைக் கதவு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நெருக்கிப் போட்டேன். அப்பாவைத் தவிர எல்லாம் தயார்.

அவர் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. அலமாரியில் இருந்த தன் காக்கிச் சட்டைப் படத்தைக் காட்டினார். பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டுவது, இறந்துபோனவர்களுக்கு நாங்கள் செய்கிற வேலை. அதை அவர் தனக்கே கேட்டார். "அதுலேருந்து எடுத்து ஒட்டிக்கங்க தம்பி. இந்த மூஞ்சிய எம்புள்ள வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேணாம்."

மூன்று பேர்

சரி, இருக்கிற மூவரையாவது எடுப்போம் என்று நிறுத்தினேன். அம்மா விலகிப் போய்விட்டார். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது என்று எங்கள் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். எத்தனையோ வீடுகளில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிவந்து நாலாக்கியிருக்கிறேன். இங்கும் அதைச் சொன்னேன்.

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு கணவரிடம் பேசினார். குரல் அதட்டலாகத்தான் இருந்தது, கண்ணில் மட்டும் நீர் நின்றது. "நீங்க வரலைன்னா நாங்க மூணு பேராப் போயிருவோம். புள்ளைக்கு ஆகாதத செய்வீகளா? எண்ணிக்கைக்காவது வந்து உக்காருங்க."

நேரான வாய்

மகளும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, வந்து உட்கார்ந்தார். கோணிய பக்கம் நிழலில் விழும்படி நாற்காலியைத் திருப்பி எடுத்து முடித்தேன். நான் கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்து, வாயைக் கம்ப்யூட்டரில் நேராக்கித் தரச் சொன்னார். மறுப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வாயை நேராக்கிய படத்தைச் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீக தம்பி. ஆனா நான் தெனம் சோறு ஊட்டுற வாயி இது இல்லையே" என்றார். கண்டக்டர் ஐயா மனைவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, கோணலையே குடுத்து விடுங்க."

இப்போதெல்லாம் முகத்தைத் திருத்தச் சொல்லி யார் வந்தாலும், அந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே போடுகிறேன்.