நிறுத்து வாத்தியாரின் பட வகுப்பு

எங்கள் கல்லூரியில் உளவியல் எடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நிறுத்து வாத்தியார். சமூக உளவியலைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும், படத்தில் பார்த்தால் தூக்கம் போகும் என்பது அவர் கட்சி. புதன்கிழமை மதியம் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, தனக்கு வேண்டிய இடம் வந்ததும் "நிறுத்து!" என்று கத்துவார். லேப் அக்கா பொத்தானை அழுத்துவார். அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பிக்கும்.

லேப் அக்கா ஆய்வக உதவியாளர். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பணி. புரொஜெக்டர், கேள்வித்தாள் அலமாரியின் சாவி, வாத்தியாரின் ஞாபகமறதி, மூன்றும் அவர் பொறுப்பு. கடைசி சில வருடங்களில் வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் படம் நின்றுவிடும். "சொல்றதுக்கு முன்னாடியே நிறுத்தினா எனக்கு என்னம்மா வேலை?" என்று அவர் சலித்துக்கொள்வார். பையன்கள் சிரிப்பார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் புள்ளியியல் எடுப்பவள். என் வகுப்புக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இங்கே நான் சராசரி போட்டுக்கொண்டிருப்பேன், அங்கே யாராவது கதறி அழுவார்கள். ஒன்பது வருடம் கேட்டதில் அவர் பாடம் எனக்கும் மனப்பாடம்.

அவருக்கு உயிரான காட்சி ஒன்று உண்டு. ஓடும் பேருந்தில் ஒருவனைத் திருடன் என்று அடிக்கிறார்கள். பர்ஸை எடுத்தது வேறு ஆள். பதினெட்டுப் பயணிகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும். நிறுத்து!

"பதினெட்டு பேர். எல்லாருக்கும் வாய் இருக்கு. ஏன் யாரும் திறக்கல?" என்று கேட்பார். அவரே பதிலும் சொல்வார். "ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கிறவர் சொல்லுவாருன்னு நினைக்கிறாங்க. பொறுப்பு பதினெட்டு துண்டா உடைஞ்சுபோச்சு. ஒரு துண்டு ரொம்ப லேசு, யாருக்கும் கனக்காது. சரி, உங்கள்ல யாரு எந்திரிச்சுப் பேசியிருப்பீங்க?" பெஞ்சுகள் கிறீச்சிடும். எல்லாக் கையும் மேலே போயிருக்கும். அந்தச் சத்தத்தில் என் வகுப்பே சிரிக்கும்.

புதிதாக வந்த முதல்வருக்கு இது ஆகவில்லை. "படம் பாக்கணும்னா தியேட்டருக்குப் போகட்டும்" என்று எழுத்துமூலம் தடை போட்டார். நிறுத்து வாத்தியார் அடங்கவில்லை. ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டி, சத்தத்தைக் குறைத்து, கதவைத் தாழ்போட்டுப் படம் ஓடியது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மாணவர்களிடம் சத்தியம் வாங்கினார். எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது. ஆள் பரவாயில்லை, முதுகெலும்பு இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்படி ஒரு புதன்கிழமை, இரண்டுக்கும் நான்குக்கும் இடையில், அலமாரியிலிருந்து தேர்வுக் கேள்வித்தாள் வெளியே போய்விட்டது. சாவி மாட்டியிருந்த ஆணி ஆய்வக வாசலில். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் சாவிக்குப் பொறுப்பு லேப் அக்கா.

முதல்வர் அறையில் ஆசிரியர்கள் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அக்கா மட்டும் நின்றார்.

"ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"வேலையிலதான் சார் இருந்தேன்."

"அதான், எங்க?"

அக்கா திரும்பி நிறுத்து வாத்தியாரைப் பார்த்தார். அந்த இரண்டு மணி நேரமும் அக்கா அவர் அருகில்தான், தாழ்போட்ட அறையில், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். 'என்கூட இருந்தாங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் வேலை பிழைக்கும். வாத்தியார் குனிந்து பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இவங்க சார்பா யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் முதல்வர்.

மின்விசிறி சுற்றியது. மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை.

இரண்டு வருடத்தில் முதல்வர் மனம் மாறி, பட வகுப்புக்கு அனுமதியும் தந்தார். வாத்தியார் அதைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதி அச்சிலும் வரவைத்தார். அந்தப் பேருந்துக் காட்சிக்கே நான்கு பக்கம். முதல் பக்கத்தில் முதல்வருக்கு நன்றி. எனக்கு ஒரு பிரதி கொடுத்து, "உங்க பிள்ளைங்களுக்கும் பத்து காப்பி எடுத்துக் குடுங்களேன்" என்றார். வெட்கம் என்பது சிலருக்கு மருந்துக்கும் கிடையாது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

இயந்திரத்துக்குப் பின்னால் லேப் அக்கா நின்றுகொண்டிருந்தார். தலைப்பைப் படித்தார், பெயரைப் படித்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும் மேடம். அந்த வகுப்பும் போயிருக்கும். அது அவரா சொல்ல வேண்டியது."

"அந்த மனுஷன் சொல்லுவாருன்னு நம்பினீங்களா?" கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"நம்பினேன். பன்னிரண்டு வருஷமா அவர் பேசினதைக் கேட்டவ இல்லையா." தாள்களை அடுக்கி, தட்டி, பின் அடித்தார். "அவர் குனிஞ்சதும் உங்களைத்தான் பாத்தேன் மேடம். நீங்களும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தீங்களே. அன்னிக்கு எனக்கு இருமல். நீங்ககூட பலகையைத் தட்டி, 'தண்ணி குடிங்கக்கா'ன்னீங்க."

சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதும் ஞாபகம் இருந்தது. வாத்தியார் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்கா பத்துப் பிரதிகளையும் என் கையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை காப்பி?" என்று கேட்டார்.