மூன்று முறை வடிகட்டியவள்

அந்த வார்டில் அவளை எல்லோரும் வடிகட்டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இனி குணமாகாது என்று தெரிந்துவிட்ட குழந்தைகளை, வலியில்லாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே இருந்த வார்டு அது. நான்கு கட்டில்கள். அதில் மூன்று குழந்தைகளுக்கு வாயால் விழுங்க முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் ஆகாரம். அதைக் காய்ச்சிக் கொடுப்பது அவள் வேலை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இரண்டு விடுதிகளில் சமைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். யாரிடமும் வாய் கொடுத்துப் பேச வராது. ஆனால் கண் மட்டும் ஓயாது. எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் படுத்தால் பிடிக்கும், எந்த அம்மா சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

மாவு, பால், எண்ணெய் எல்லாம் காய்ச்சி ஆறிய பிறகு சத்துப் பொடியைக் கலக்க வேண்டும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரியாத மொழி. ஆறிய ஆகாரத்தில் அந்தப் பொடி கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்னக் கட்டி ஒன்று போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் ஒருநாள், அப்போதிருந்த ஒரு குழந்தைக்கு அப்படி அடைத்து, நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு புதுக்குழாய் போட்டார்கள். அந்தக் குழந்தை அலறியது மூன்று கதவு தாண்டிச் சமையலறைக்குக் கேட்டது.

மறுநாளிலிருந்து பொடியைக் கொதிக்கிற பாத்திரத்திலேயே போட்டாள். கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டாள். பிறகு மெல்லிய துணியில் ஒருமுறைக்கு மூன்று முறை வடிகட்டினாள். துணியில் தங்கிய கசண்டைத் தொட்டியில் அலசிவிட்டாள். அப்புறம் ஒரு குழாய்கூட அடைக்கவில்லை. “அக்கா பச்சத் தண்ணியக்கூட வடிகட்டித்தான் குடிப்பாங்க” என்று சின்ன நர்ஸ் கேலி செய்ததில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

கடைசிக் கட்டிலில் ஆறு வயதுப் பெண் குழந்தை. மூளையில் கட்டி. வந்த புதிதில் அம்மாவின் மடியை விட்டு இறங்காது. மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலை, துணி மாற்றக் காலைத் தூக்கியபோது வீறிட்டது. அதன்பின் யார் தொட்டாலும் அழுகை. காலை மடக்கி அகட்டி வைத்தபடியே அசையாமல் கிடந்தது. தொடையில் அடிபடாமலே நீலம் பாரித்தது. பல் துடைத்தால் ஈறில் ரத்தம்.

நோய் முற்றுகிறது என்றார்கள் நர்ஸுகள். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்து வலி மருந்தைக் கூட்டினார். இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த வாரமே இரண்டாவது கட்டில் குழந்தையின் ஈறும் ஊதா நிறத்தில் வீங்கியிருந்ததை அக்கா கவனித்தாள். அடுத்து மூன்றாவது. முதல் கட்டில் பையனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவனுக்கும் பெண் குழந்தைக்கு இருக்கிற அதே நோய்தான். ஆனால் அவன் வாயால் சாப்பிடுகிறவன். அவனுடைய அப்பா தினமும் பழம் பிழிந்து கொடுப்பார். அவன் சிரித்தபோது தெரிந்த ஈறு ரோஜா நிறமாக இருந்தது.

ஈறு கெட்ட மூவருக்கும் பொதுவாக இருந்தது அவளுடைய பாத்திரம் ஒன்றுதான்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஒருபக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், தான் நினைப்பது நிஜமாக இருந்துவிட்டால் என்பது. அதே பாத்திரம், அதே துணி, அதே கொதி. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அளவு குறித்த டம்ளரை நர்ஸிடம் நீட்டும்போது மட்டும் அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

நான்காம் நாள் பெண் குழந்தையின் அம்மா வெந்நீர் வாங்க வந்தாள். பாத்திரம் நிரம்பிய பிறகும் நகராமல் நின்றாள்.

“சாகப்போறாள்னு தெரியும்க்கா. அதுக்கு மனச தயார் பண்ணிட்டேன். ஒரேயொரு தடவ மடியில வச்சுக்கணும். கையக் கொண்டு போனாலே கத்துறா. பெத்தவ கைக்கே பயப்படுறா.”

அம்மா போனதும் அக்கா, தொட்டியில் அலச எடுத்த துணியை அலசாமல் ஒரு தட்டில் விரித்தாள். அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். பிறகு உள்ளே போனாள். தட்டை மேஜைமேல் வைத்தாள்.

“பொடிய நான் கொதிக்க வச்சுட்டேன். மிச்சம் இதுல தங்கிடுது. குழாய்ல சாப்பிடுற மூணு பேருக்கும் ஈறு கெட்டுப்போச்சு.”

டாக்டரம்மா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நேராக வார்டுக்குப் போய், மூன்று குழந்தைகளின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கொதித்தால் வைட்டமின் சி அழிந்துவிடும், அது இல்லாவிட்டால் ஈறு வீங்கும், தொட்டாலே எலும்பு வலிக்கும் என்று திரும்பி வந்து சொன்னார். கரையாத தாது உப்பெல்லாம் துணியோடு போயிருக்கும் என்றார். அவர் திட்டவில்லை. “நானும் நோய்னே நெனச்சேன். வாயத் திறந்து பாக்கல” என்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கே மருந்தும் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் குழந்தை காலை நீட்டியது. எட்டாம் நாள் அம்மா மடியில் படுத்துத் தூங்கியது. நோய் அப்படியேதான் இருந்தது. வாரக் கணக்கும் மாறவில்லை. அம்மா ஒரு மணி நேரம் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அசைய மறுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் டாக்டரம்மா சமையலறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் பழைய கோப்புகள் ஐந்து.

“எப்பலேருந்து கொதிக்க வைக்கிறீங்க?”

“போன மழைக்காலத்துலேருந்து.”

“அதுக்கப்புறம் குழாய்ல சாப்பிட்டு, இங்கயே எறந்துபோன கொழந்தைங்க இவங்க. இதுல யாரு தொட்டா கத்துனாங்கன்னு ஞாபகம் இருக்கா? எங்க குறிப்புல வலின்னு மட்டும்தான் எழுதியிருக்கு.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. கட்டில் கட்டிலாக ஞாபகம் இருந்தது. கோப்புகளைப் பார்க்காமலே “ரெண்டு பேர்” என்றாள்.

அந்த இரண்டு அம்மாக்களிடமும் இதைச் சொல்லியாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. தான் சொல்வதாகவும், அக்காவும் கூட இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் சின்ன நர்ஸ் அந்த இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொன்னாள். ஒரு வீட்டில் போனை எடுக்கவில்லை. இன்னொரு அம்மா சனிக்கிழமை காலை வருகிறாளாம். எதற்கு என்று கேட்கவே இல்லையாம்.