ஒடீல் கேட்டு வாங்கிய ஓட்டுச்சீட்டு

நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில், கெண்ட்ரிக் என்கிற ஊரில், பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒடீல் ரான்கூர் முப்பத்தொரு வருஷம் ஜனநாயகக் கட்சிக்காரியாக இருந்தவள். யாரும் அவளை வற்புறுத்திச் சேர்க்கவில்லை. காகித ஆலையில் வேலை என்றால் சங்கம். சங்கம் என்றால் அந்தக் கட்சி. அவள் அப்பா சங்கத் தலைவர். கணவன் ரோசேர் அதே ஆலையில் இருபது வருஷம் காகிதக் கூழ் காய்ச்சும் கொப்பரையைப் பார்த்துக்கொண்டவன். ஆலை மூடியதும் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் வண்டிக்குப் போனான். கட்சியை மட்டும் மாற்றவில்லை.

அவர்களுடைய ஒரே மகன் எத்தியேன் கூரை வேய்கிற வேலையில் வழுக்கி விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர்கள் மாத்திரையை நிறுத்தியபோது அவனால் நிறுத்த முடியவில்லை; போதைமருந்துக்குப் போனான். இருபத்தாறாவது வயதில், ஒரு மார்ச் மாதக் காலையில், குளியலறைக் கதவை ரோசேர்தான் உடைத்துத் திறந்தான்; உள்ளே மகன் செத்துக் கிடந்தான். அன்று முதல் ரோசேர் மகனின் பெயரை வாயால் சொல்லவில்லை. ஒடீலுக்கோ சொல்லாமல் ஒரு நாள் போகாது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு வருஷம் இருந்தார்கள்.

அடுத்த ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சிகள் ஆள் தேடும் காலம் வந்தது. எங்கள் மாநிலத்தில் அந்தக் காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வேட்பாளர்தான். செப்டம்பரில் ஒரு நாள், பேருந்தின் காலை நடையை முடித்துவிட்டு ஒடீல் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, வேட்பாளராகப் போட்டியிடும் ஆல்டர்சன் என்கிற கவர்னர் உள்ளே வந்தார். எதிர்க்கட்சி. குடியரசுக் கட்சிக்காரர். கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன கவலைம்மா? சும்மா சொல்லுங்க."

சொன்னாள். இருபது நிமிஷம் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் கலங்கியதை ஒடீல் பார்த்தாள்.

"ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு சிகிச்சை மையம் தொறக்கறேன். இனிமே உங்க பையன் பேரச் சொல்லாம நான் எந்தக் கூட்டத்துலயும் பேச மாட்டேன். பேர் என்ன சொன்னீங்க?"

"எத்தியேன்."

இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவளிடம் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவர்.

கட்சியின் வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் கட்சிக்கொரு ஓட்டுச்சீட்டு; எங்கள் சட்டப்படி ஒரு கட்சியில் பதிந்தவர் அடுத்த கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்க முடியாது. எந்தக் கட்சியும் சேராதவர்கள் மட்டும், தேர்தலன்று வந்து எந்தச் சீட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். கட்சியை விட்டு விலக அக்டோபர் தொடக்கம் வரைதான் கெடு. கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் ஒடீல் ஊர் அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் வெர்னா அவளோடு பள்ளியில் படித்தவள்.

"ஏன்டி, உனக்கு என்ன ஆச்சு? உங்கப்பா படம் இன்னும் சங்கக் கட்டடத்துல தொங்குதுடி."

"தொங்கட்டும். படிவத்தக் குடு."

"ரோசேருக்குத் தெரியுமா?"

"கையெழுத்து என்னோடது தானே?"

வீட்டில் சொன்னபோது ரோசேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவைத்தான்.

"கட்சி மாறு, மாறாம போ, எனக்கென்ன. ஆனா அவன் பேர மேடையில விக்கிறதுக்கு நீ யாரு?"

"யாரு விக்கிறா? நீ சொல்லவே மாட்டேங்கற. அந்த ஆளாவது சொல்றாரு."

அதற்கு மேல் அவர்கள் பேசியதெல்லாம் உப்பு, சாவி, பனி, இவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க ஒடீல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சங்கக்காரர்கள் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார்கள். ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்த கிழவர் ஒருவர், "பஸ் ஓட்டற பொண்ணு ரோடு மாறிப் போயிட்டாளே" என்று வாசலிலேயே கேலி செய்தார். ஆனால் அவளைப் போல எங்கேயும் சேராதவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர்களில் சிலர் வீட்டிலும் ஒரு புகைப்படம் தனியாக மாட்டியிருந்தது. அப்படி நாற்பத்துமூன்று பேர் அவளுக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

ஜனவரியில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டரங்கில் பெரிய கூட்டம். ஒடீல் முதல் வரிசையில். ஆல்டர்சன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல ஒரு அம்மா எனக்கு அவங்க பையனப் பத்திச் சொன்னாங்க. அவன் பேரு ஈத்தன்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஒடீலும் தட்டினாள். பாவம், தூங்கி எத்தனை நாள் ஆச்சோ, நம்ம பிரெஞ்சுப் பேர் வாயில் நுழையவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து காரைக் கிளப்பியபோது வானொலியில் செய்தி வந்தது. ஆல்டர்சன் விலகிவிட்டார். அதே கட்சியில் போட்டியிடும் மெரிக் என்பவருக்கு ஆதரவாம். போதையில் சாகிறவர்கள் தாங்களே தேடிக்கொண்ட சாவு அது என்று தொலைக்காட்சியில் சொன்ன அதே மெரிக். ஒடீல் எஞ்சினை நிறுத்தினாள். மற்ற கார்கள் எல்லாம் போன பிறகும் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடப் போனாள். சீட்டுகள் முன்பே அச்சாகியிருந்ததால் ஆல்டர்சன் பெயர் அதில் இருந்தது.

"எந்தக் கட்சிச் சீட்டுடி வேணும்?" வெர்னா குரலில் இந்த முறை கேலி இல்லை. "ரெண்டும் இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

"குடியரசுக் கட்சி."

விலகிப் போனவரின் பெயருக்கு எதிரே வட்டத்தை அழுத்தி நிரப்பினாள். நாற்பத்துமூன்று பேரிடம் வாக்கு வாங்கிவிட்டுத் தான் மட்டும் தப்பிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு கட்சியின் சீட்டை வாங்கினாலே அந்தக் கட்சியில் பதிந்துவிடுவார்கள் என்பதால், வெளியே வரும்போது, மறுபடி எந்தக் கட்சியும் சேராதவளாகும் அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், மகளிர் குழு விற்றுக்கொண்டிருந்த பீன்ஸ் சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணிக்கை வரை அங்கேயே இருந்தாள். சின்ன ஊர், கையால் எண்ணி, உரக்கப் படிப்பார்கள். ஆல்டர்சனுக்குப் பத்தொன்பது. பிறகு ஜனநாயகக் கட்சிச் சீட்டுகள். அச்சிட்ட பெயர்கள் முடிந்து, ஓட்டுப் போட்டவர்கள் தாங்களாகவே கையால் எழுதிய பெயர்களுக்கு வந்தார் தேர்தல் நடத்துநர் வில்பர் கோட். நாலைந்து பெயர் படித்தார். அடுத்த சீட்டை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். ஒடீல் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தே படித்தார்.

"எத்தியேன் ரான்கூர். ஒண்ணு."

பிழையில்லாமல், அவள் வைத்த பெயர் அப்படியே.

ஒடீல் சூப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். மேலங்கியின் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டாள். வெர்னா வந்து சரியாகப் போட்டுவிட்டாள்.

வீட்டில் ரோசேர் அடுக்களையில் நின்று பனிவண்டிக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தான்.

"வில்பர் படிச்சாரு," என்றாள்.

அவன் நிமிரவில்லை. "சரியாப் படிச்சாரா?"

"சரியாப் படிச்சாரு."

கயிற்றை இழுத்துக் கட்டினான். "எத்தன?"

"ஒண்ணு."

ரோசேர் அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்," என்றான். "அந்த ஆளுதான் ஓடிப்போயிட்டானே. நீயும் நம்ம பையன் பேரத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சேன்."

  அவன் அவளைத் தாண்டி வெளியே போனான். சற்று நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தாள்.