ஏரோப்ளேன்காரர் பெண்டாட்டி

அரியூர் கஸ்தூரியை மணவாளன் கட்டிக்கொண்டபோது அவன் பிரான்சுப் பட்டாளத்தில் ஏரோப்ளேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பாகூர் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். அப்பா காலத்திலேயே இந்துச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள். அதனால் பட்டாளத்தில் வெள்ளைக்காரச் சொல்தாக்களுக்கு, அதாவது சிப்பாய்களுக்கு, கொடுத்த இடத்தை இளையவன் மணவாளனுக்கும் கொடுத்தார்கள். மூத்தவன் அரங்கநாதன் உழவைப் பார்த்தான்.

லீவில் வந்தவன் அவசரத்தில் தாலி கட்டினான். பிரெஞ்சுச் சட்டக்காரர்கள் கல்யாணத்தை மேரி என்கிற ஊர்ச் சபை ஆபீசில் பதிய வேண்டும். அடுத்த லீவில் பதிந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். ஊரில் அவனுக்கு ஏரோப்ளேன்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. கஸ்தூரி ஏரோப்ளேனைக் கண்ணால் பார்த்ததில்லை.

மறு வருஷம் மொரோக்கோ சண்டையில் அவன் ஏரோப்ளேன் விழுந்துவிட்டதாக மேரிக்குச் செய்தி வந்தது. குமாஸ்தா சம்மந்தம் அதைப் படித்து, "காணோம்னுதான் போட்டிருக்குது. செத்தார்னு போடல" என்று அரங்கநாதனிடம் திருப்பித் திருப்பிச் சொன்னான். கஸ்தூரிக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அரங்கநாதன் வீட்டுக்கு வந்து, "தம்பி போயிட்டான்" என்றான்.

தர்ப்பையில் ஆள் செய்து கொளுத்தினார்கள். தாலியை அறுத்தது யாரென்று கஸ்தூரிக்கு நினைவில்லை. அட்டிகையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டவள் அரங்கநாதன் பெண்டாட்டி கனகாம்பாள் என்பது மட்டும் நினைவிருந்தது. அந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டுதான் கனகாம்பாள் மகள் மணையில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கஸ்தூரியை மாட்டுக்கொட்டகைப் பக்கமே இருக்கச் சொல்லியிருந்தார்கள். சாணி அள்ளுவதும் ஆட்களுக்குக் கூழ் கரைப்பதும் அவள் வேலையானது. பிறந்த வீட்டில் அண்ணன் பக்கிரி இருந்தான். அவன் வந்து பார்த்தான், ஒரு வாய் தண்ணீர் குடித்தான், போய்விட்டான்.

ஏழு வருஷம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் கூழ்ப்பானையோடு முற்றத்துக்கு வந்தவள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு துரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒரு பக்கக் காது வெந்து சுருங்கியிருந்தது. அரங்கநாதன் வேர்த்துப்போய் எதிரில் நின்றான்.

துரை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புது ஆளா அண்ணி?" என்று கனகாம்பாளிடம் கேட்டார்.

குரலை வைத்துத்தான் அது மணவாளன் என்று கஸ்தூரிக்குத் தெரிந்தது. பானையைக் கீழே வைத்தாள். அது சாய்ந்து கூழெல்லாம் முற்றத்தில் ஓடியது. கனகாம்பாள் பானையை நிமிர்த்தப் போனாள்.

மணவாளன் செத்திருக்கவில்லை. மலைக்காரர்களிடம் பிடிபட்டு, மீட்கப்பட்டு, பிரான்சில் ஆஸ்பத்திரியில் கிடந்து, காயம்பட்ட சொல்தாக்களுக்குக் கொடுத்த சலுகையில் கணிதம் படித்து, இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்குப் புரொபசராக வந்திருந்தார்.

அரங்கநாதனுக்கு நிலத்தைப் பற்றித்தான் பயம். தம்பி அதைக் கேட்கவில்லை. "நீயே வச்சிக்க. எனக்கு வூட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். இவளை அனுப்பு" என்றார். அரங்கநாதன் மறுநாளே வண்டி பூட்டினான்.

வண்டியில் அவள் கேட்டாள். "உசிரோட இருக்கறன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க. ஊருக்குச் சொல்லணுமான்னு. வேணாம்னேன்."

"ஏன்?"

"செத்தவனை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அது நல்லா இருந்துச்சி."

வண்டி பாதி வழி தாண்டியது. அவரே பேசினார். "காலேஜுல எனக்குக் கல்யாணம் ஆவலைன்னு சொல்லியிருக்கறேன். பிரெஞ்சுச் சட்டப்படி அது பொய்யும் இல்ல. நீ இந்த வெள்ளைச் சேலையோடவே இரு. யாராவது கேட்டா ஊர்க்காரம்மான்னு சொல்லு."

இன்றைக்குச் சொல்கிறார், நாளைக்கு மனசு மாறும் என்று நினைத்துக்கொண்டுதான் கஸ்தூரி வண்டியை விட்டு இறங்கினாள். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் பாயைப் போட்டாள்.

புரொபசரை மாணவர்கள் கொண்டாடினார்கள். கணக்கு வராதவனை வீட்டுக்கு வரவழைத்து, வரும்வரை விடமாட்டார். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. கஸ்தூரியிடமும் குரலை உயர்த்தியதில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை, தொடுவதும் இல்லை.

ஒரு மழை நாளில், கேட்காமலே ஏரோப்ளேன் கதையைச் சொன்னார். அங்கே மலைச் சரிவில் நம் ஊர் மாதிரியே களம் இருக்குமாம். கோதுமையை அறுத்துப் போர் போட்டிருப்பார்களாம். போரைக் கொளுத்துங்கள் என்று உத்தரவு. குண்டு போட்டாராம். பிடித்துக்கொண்டதாம். பெண்கள் ஓடிவந்து முக்காட்டால் அடித்து அணைக்கப் பார்த்தார்களாம்.

"திரும்பி வந்து இன்னொன்னு போட்டேன்" என்றார்.

"போர்தான் பிடிச்சிக்கிச்சே. இன்னொன்னு எதுக்கு?"

"ஒன்னு மீதி இருந்துச்சி" என்று சொல்லி மோர் கேட்டார். அவள் ஊற்றினாள். அதற்குப்பின் அவர் சாப்பிடும்போது எதிரில் நிற்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் தையில், ஊரில் பத்திரம் எழுதிப் பதியும் பெரிய நொத்தேர் ஒருவரின் மகளுக்கும் புரொபசருக்கும் பேச்சு நடக்கிறது என்று தண்ணீர்க் குழாயடியில் கேள்விப்பட்டாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கல்லூரிக்கு நடந்தாள். வகுப்பறைக் கதவைத் தள்ளினாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பினார். பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் இவரு தாலி கட்டின பெண்டாட்டி" என்றாள் கஸ்தூரி. "பாகூர்ல போய்க் கேளுங்க."

புரொபசர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். பையன்களைப் பார்த்து பிரெஞ்சில் மெதுவாக நாலு வாக்கியம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் கண்ணீர்கூட இருந்தது. நாகமுத்து என்கிற மாணவன் எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

"அவரு இன்னா சொன்னாரு தம்பி?"

நாகமுத்து தயங்கினான். "மனசுல வச்சிக்காதீங்கம்மா. உங்க வூட்டுக்காரர் சண்டையில போயிட்டாராம். அதுலேர்ந்து உங்களுக்கு இப்படி ஆவுதாம். யாரும் சிரிக்கக் கூடாது, மரியாதையா நடத்தணும்னு சொன்னாரு. அவருக்கு ரொம்பப் பெரிய மனசும்மா."

கஸ்தூரி குழாயடிக்கு வந்தாள். குடம் இருந்தது. நிரப்பி எடுத்துக்கொண்டு போய் உலை வைத்தாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

நொத்தேர் வீட்டுச் சம்பந்தம் கூடவில்லை. ஏரோப்ளேன் விழுந்தபோது அவர் மண்டையில் பட்ட அடி பிறகு வேலை காட்டியது. முதலில் கரும்பலகையில் கோடு கோணியது. அப்புறம் எதிரில் நிற்கும் பையன் யாரென்று தெரியவில்லை. பிரான்சு ஜெர்மானியரிடம் விழுந்த அடுத்த வருஷம் புரொபசருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. கல்லூரியில் மாலை போட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் மாணவர்கள் வந்தார்கள். பிறகு நாகமுத்துவும் வரவில்லை.

இப்போது அவருக்குக் கஸ்தூரியின் தோள் வேண்டியிருந்தது. கொல்லைக்கும் பாய்க்கும் அவள்தான் கூட்டிப்போனாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கல்யாணத்தை மேரியில பதிஞ்சிடலாமா?" என்று கேட்டார்.

"வண்டி சொல்றேன்" என்றாள்.

மேரிக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். வண்டி பாகூரில் அரங்கநாதன் வீட்டு முற்றத்தில் நின்றது. சாணி வாடையில் அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்க மாட்டேன் என்று வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

அரங்கநாதன் ஓடிவந்தான். "இன்னா இது? இங்க கொண்டாந்து விடற? இவனுக்கு இங்க இன்னா இருக்குது?"

"மாட்டுக்கொட்டகை இருக்குது மாமா" என்றாள். "வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்."

மணவாளன் கோட்டும் தொப்பியுமாக முற்றத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். அவள் அதே வண்டியில் அரியூருக்குப் போனாள். பக்கிரி வீட்டுப் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். சிவப்புச் சேலை ஒன்று வாங்கிக் கட்டினாள். சிலர் காறித் துப்பினார்கள். அவள் அவிழ்க்கவில்லை.

பாகூரிலிருந்து சேதி வரும். கனகாம்பாள் கூழைக் கையில் கொடுப்பதில்லை, தரையில் வைத்துவிட்டுப் போகிறாள், அவர் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் கோழி மேய்ந்துவிடுகிறது என்றார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் கிழக்குக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, குமாஸ்தா சம்மந்தம் குடையோடு வரப்பில் வந்து நின்றான்.

"ஏரோப்ளேன்காரர் போயிட்டாரும்மா. நேத்து சாயங்காலம்."

கஸ்தூரி நிமிர்ந்தாள். "கஷ்டப்பட்டாரா?"

"நாலு நாளா இழுத்துக்கினு கெடந்தாரு."

"நாலு நாள்தானா" என்றாள்.

சம்மந்தம் ஏதோ சொல்ல வந்தான். அவள் நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.