நாமம் வைக்காத கை

அந்த அக்கா சும்மா வருகிறாள் என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை.

நகரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன காலம். நான் ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அம்மாவுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டது என்று சேதி வந்து ஓடினேன். போனால், முன்பின் தெரியாத ஒருத்தி அம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துத் தெரு ஜெபக்கூடத்து ஊழியக்காரியாம். காலையும் மாலையும் வந்தாள்.

பீ மூத்திரம் அள்ளுகிறாள், காசு கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். எந்த ஊரில் நடக்கும் இது? வீட்டின் மேல் கண்ணா, அம்மாவின் மேல் கண்ணா? அவள் போனதும் தலையணையைத் தூக்கிப் பார்ப்பேன், வேதப் புத்தகம் கித்தகம் வைத்திருக்கிறாளா என்று. ஒன்றும் இருக்காது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் பிடித்துக்கொண்டேன். தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் நெற்றியைப் பார்த்தேன். குளித்து முடித்த அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. சிவப்பு நாமம் இட்டுக்கொள்ளாமல் அம்மா பச்சைத்தண்ணீர் கூடக் குடித்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்குத்தான் வந்துகினு இருந்தியா? நாமத்த அழிக்கத்தான?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தண்ணி ஊத்தினா அழியும் தம்பி. நீங்க வெச்சி வுடுங்க. என் கையால வைக்க மாட்டேன். என் விசுவாசத்துக்கு அது ஆவாது."

"அப்போ எதுக்கு வர்ற?"

"அம்மாவுக்கு முடியல, வர்றேன். ஏசுவப் பத்தி சொல்லணும்னும் ஆசைதான், மறைக்கல. கேட்டேன், வேணாம்னாங்க. மறுபடியும் கேப்பேன்."

முகத்துக்கு நேரே சொல்கிறாள், என்ன நெஞ்சழுத்தம். இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று வாய் வரை வந்தது. ஆனால் திங்கட்கிழமை டூட்டியில் நிற்காவிட்டால் என் வேலை போய்விடும். வேலை போனால் அம்மாவின் மாத்திரைக்கு வழியில்லை. சொந்தக்காரர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"திங்கக்கெழம நான் போயிடுவேன். அப்புறம் நாமம் யாரு வெப்பா?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாமப்பெட்டிய அம்மா வலது கைக்கு எட்டற மாரி வெச்சிட்டுப் போங்க. கண்ணாடி நான் புடிக்கிறேன்."

வைத்தேன். அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கோடு இழுத்தாள். அது புருவத்துக்குச் சரிந்தது.

"கோணலா கீதும்மா," என்றாள் அவள், கண்ணாடியை அசைக்காமல்.

அம்மா துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். என் பக்கம் திரும்பாமலே, "நீ பஸ்ஸப் புடி நைனா. என்னை ஒண்ணும் இவ தூக்கிகினு போயிட மாட்டா," என்றாள்.

அவளை நம்பினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.