கராம்பு வாடை

அன்று மத்தியானம் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் எனக்கு முன்னால் வைத்த கிளாஸில் இரண்டு விரல் அளவுதான் வெள்ளை வைன் இருந்தது. அதைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். நுவரெலியாவில் அந்த ஹோட்டலில் மூன்று வருடமாக ரூம் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் நான். சாப்பாட்டு அறைக்குப் பரிமாற ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முந்திரிக்கொட்டை மாதிரி பெயர் கொடுத்துவிட்டேன். வைன் ருசி பார்த்து, எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று சொல்ல வேண்டும் என்பதை அப்புறம்தான் சொன்னார்கள்.

என் அப்பா குடித்தே செத்தவர். அவர் ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது? நாக்கில் பட்டதும் பிடித்துப்போய்விட்டால் என்ன செய்வேன்? முப்பத்தொரு வயது வரை ஒரு சொட்டும் தொடாமல் இருந்தேன் என்றால், பெரிய ஒழுக்கசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் இந்தப் பயம்தான்.

ஹோட்டல் செஃப் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பயப்படாத தங்கச்சி. முழுங்கத் தேவையில்ல. வாயில சுத்திட்டு இந்த வாளியில துப்பிரு.”

துப்புவது எனக்குப் புதிதில்லை. ஹோட்டலுக்கு வருமுன் தேயிலை ஃபெக்டரியில் கோப்பை கழுவினேன். வரிசையாக ஊற்றி வைத்த தேயிலைச் சாயத்தை டீமேக்கர் ஐயா சர்ரென்று உறிஞ்சுவார், ஒரு நொடி நிற்பார், துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார். அவர் இல்லாத நேரத்தில் நானும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கிளாஸைத் தூக்கினேன்.

சாராய நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன். வந்ததோ கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் வாசம். அதற்குப் பின்னால் உரித்த ரம்புட்டான், கொஞ்சம் இஞ்சி. ஃபெக்டரிப் பழக்கத்தில் சத்தமாக உறிஞ்சித் துப்பினேன். என்னோடு பெயர் கொடுத்திருந்த இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செஃப் சிரிக்கவில்லை.

மேசையில் கேரமல் புடிங்கும், தேசிக்காய் பிழிந்த மீனும், கொச்சிக்காய் போட்டுப் பிரட்டிய கோழியும் இருந்தன. இனிப்பு வைனுக்கு இனிப்புதான் சேரும் என்று மற்ற இருவரும் புடிங்கைக் காட்டினார்கள். நானும் ஒரு கரண்டி புடிங் தின்றுவிட்டு உறிஞ்சினேன். வைனின் இனிப்பெல்லாம் எங்கோ ஓடிப்போய்ப் புளித்த தண்ணீர் மட்டும் மிஞ்சியது. மீனோடு பரவாயில்லை. கோழியில் ஒரு துண்டு வாயில் போட்டதும் காதுவரை எரிந்தது. அதன்மேல் ஒரு வாய் வைன் உறிஞ்சினேன். எரிவு அப்படியே அடங்கி, பன்னீர் வாசம் முன்னைவிட நன்றாக எழுந்தது. துப்ப வேண்டும் என்று தெரியும். வாளி பக்கத்திலேயே இருந்தது. முழுங்கிவிட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை. “உறைப்புக்குத்தான் சேருது. புடிங்கோட குடுத்தா வைன் செத்துப்போகுதுங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நாளையிலருந்து சாப்பாட்டு ரூமுக்கு நீதான் தங்கச்சி. புதுப் போத்தல் வரும்போதெல்லாம் நீயே ருசி பாரு” என்றார் செஃப்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ கிளாஸில் மிச்சமிருந்ததை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வீட்டில் அம்மாவும் என் நாலு வயது மகளும்தான். கணவர் கொழும்பில் கடை வேலை. அம்மாவுக்கு வாடை தெரிந்துவிட்டால்? பஸ் ஸ்டாண்டில் ஒரு பெக்கட் கராம்பு வாங்கி, நாக்கு மரத்துப்போகும்வரை மென்றேன். ராகலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண், எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா, வேலை கிடைத்ததா என்று கேட்கத்தான் எழுந்து வந்தாள். கிட்டே வந்ததும் நின்றுவிட்டாள்.

“என்னா புள்ள, கராம்பு வாடை அடிக்குது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவும் குடித்துவிட்டு வரும் வழியில் கராம்புதான் மெல்லுவார். வைன் வாசம் அம்மாவுக்கு என்ன தெரியும்? நானே கராம்பைத் தின்று காட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

“வேலைக்காகம்மா. ஒரு வாய்தான். பயப்படாதீங்க.”

அம்மா அடுப்பிலிருந்து ரொட்டிக்கல்லை இறக்கினாள். என் காலைப் பிடித்திருந்த சின்னக் கைகளைப் பிரித்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சின்ன வயதில் அப்பா வரும் சத்தம் கேட்டால் என்னையும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போவாள். “அம்மாவும் வரட்டும்” என்று மகள் அழுதாள். பக்கத்து வீட்டுக் கதவை உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.